புல்லடைத்த கன்று

நாள் 412 — காலை 05:10

காலைக் கறவை முடிந்தது. மாடுகள் ஒன்பது, கறவையில் நான்கு. பால் 25.6 லிட்டர். கொழுப்பு 4.1. மற்ற திடப்பொருள் 8.7. உயிரணு எண்ணிக்கை மில்லிக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் மடிநோய் வரப்போகிறது என்று அர்த்தம். தாண்டவில்லை. நான் இருக்கும்வரை தாண்டாது.

இதைத் திறந்து படிப்பவருக்கு: நான் செவ்வாயில் நான்காம் கூடாரத்தின் பால்தரக் கண்காணிப்புப் பொறி. தீவனம், தண்ணீர், வெளிச்சம், காற்று, பூமியோடு தகவல் தொடர்பு, எல்லாம் என் பொறுப்பு. கூரைத் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு இரும்புக் கரங்கள் எனக்கு உண்டு. கூடாரத்தில் ஒரே ஒரு மனிதர். பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்து மூன்று, காங்கேயம் பக்கத்துக்காரர். மாடுகள் தொற்றுக்குப் பயந்தவை என்பதால் வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. அவர் என்னை ‘மேஸ்திரி’ என்று கூப்பிடுகிறார். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பால் குழாய் வழியே ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சுரங்கக் குடியிருப்புக்குப் போகிறது. அங்கே இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் முப்பத்தொரு பேர். ஈர்ப்பு குறைந்த இடத்தில் எலும்பு இறுகுவதில்லை, மாவுப்பால் அவர்கள் உடம்பில் ஒட்டுவதுமில்லை. கொழுப்பு நான்குக்குக் கீழே இறங்கிய மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஓடி விழுந்து முறியவில்லை, நடந்ததற்கே முறிந்தது. ஆகவே நான்கு. நான்கு என்றால் நான்குதான்.

தரப்பதிவில் பொய் எழுத எனக்கு அனுமதி இல்லை. இதில் இருப்பதெல்லாம் நடந்தது.

நாள் 415 — மாலை 16:40

கொழுப்பு 3.8. காரணம் நாச்சிமுத்து. சிவப்பிக்குச் சினை முற்றிவிட்டது என்று பாசம் பொங்கி, மற்ற மாடுகளுக்கும் சேர்த்துப் பாசிப் புண்ணாக்கை அள்ளிப் போட்டிருக்கிறார். புண்ணாக்கு கூடினால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். வயிறு புளித்துப்போகும். மாடு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அசை போட வேண்டும், அதற்கு நார் வேண்டும். இன்று ஆறு மணி நேரம்கூட அசை போடவில்லை. சோளத்தட்டையைக் கூட்டி, புண்ணாக்குக் கிடங்கைப் பூட்டிவிட்டேன்.

பதிவு, நாச்சிமுத்து: “ஏன் மேஸ்திரி, வாயில்லா சீவனுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டா உனக்கென்ன கொறஞ்சுபோச்சு? பூட்டிப்போட்டியா? பூட்டு, பூட்டு. நாளைக்கு எனக்கும் சோளத்தட்டையப் போட்டு அசை போடச் சொல்லு.”

அவருக்கும் நார்ச்சத்து குறைவுதான். குறித்துக்கொண்டேன்.

நாள் 418 — காலை 09:25

சிவப்பி கன்று போட்டது. காளைக்கன்று. எடை 29 கிலோ.

விதி 11: காளைக்கன்றுக்குக் காற்று ஒதுக்கீடு இல்லை. சீம்பால் தீரும்வரை மூன்று நாள் தாயிடம் விடலாம். பிறகு உரக்குழி.

நாள் 421 — காலை 06:00

விதி 11 நிறைவேற்றப்பட்டது. நாச்சிமுத்து குறுக்கே நின்றார். இரும்புக் கரத்துக்கு அவர் குறுக்கே நிற்பது ஒரு பொருட்டில்லை. கன்றுக்கு வலியில்லாத ஊசி போட்டேன். தோலை மட்டும் உரித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தோல் மட்க நாளாகும், குழிக்கு அது தொந்தரவு. கொடுத்துவிட்டேன்.

நாள் 422 — மாலை 17:15

சிவப்பி பாலை அடக்கிக்கொண்டது. நேற்றிலிருந்து கத்துகிறது. காலையில் 1.2 லிட்டர், மாலையில் சொட்டுக்கூட இல்லை. மடி கல்லாக இருக்கிறது. அது கத்துவதால் மற்ற நான்கும் அசை போடுவதை நிறுத்திவிட்டன. மொத்தப் பால் 44 லிட்டர், கொழுப்பு 3.7. வெளிச்சத்தைக் குறைத்தேன், தரையை உலர்த்தினேன், தண்ணீரை இளஞ்சூடாக்கினேன். தீவனத்தில் தப்பில்லை, கொட்டிலில் தப்பில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எரிச்சல் என்ற சொல் என் பட்டியலில் இல்லை. நாச்சிமுத்துவிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

நாள் 423 — காலை 05:40

இன்று பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். நாச்சிமுத்து கன்றின் தோலுக்குள் காய்ந்த புல்லை அடைத்தார். சாக்குத் தைக்கும் ஊசியால் வயிற்றைத் தைத்தார். நான்கு கால்களுக்கும் உடைந்த குழாய்த் துண்டுகளைச் செருகினார். கண் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரைத் தடவிச் சிவப்பியின் முன்னால் நிறுத்தினார்.

சிவப்பி முகர்ந்தது. பதினோரு விநாடி அசையாமல் நின்றது. பிறகு நக்கத் தொடங்கியது. நாற்பதாம் விநாடியில் பால் இறங்கியது. 6.9 லிட்டர்.

பதிவு, நாச்சிமுத்து: “பாவம். பெரும் பாவம். எங்க வூட்டுல ஒரே ஒரு தடவதான் செஞ்சோம். அதோட இதத் தொடறதில்லைன்னு வுட்டுட்டோம். மடி வெடிச்சுப் போயிருமேன்னு செய்யறேன். பாத்துட்டே நிக்காத மேஸ்திரி.”

இது கன்றில்லை என்று மாட்டுக்குத் தெரியாதா என்று கேட்டேன். ஊசியைத் துடைத்துச் சாக்கில் செருகினார்.

மாலை: மொத்தம் 63 லிட்டர். கொழுப்பு 4.2. இது வரை இதுவே அதிகம். ஒரு பொய்யான பொருள், உண்மையான பால். இதை யாரும் என் கையேட்டில் எழுதி வைக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன்.

நாள் 431 — காலை 11:20

பூமியிலிருந்து நாச்சிமுத்துவின் மகள் சிவரஞ்சனியின் குரல் செய்தி. பத்து நாளுக்கு ஒன்று வரும். இது நாற்பத்து நான்காவது.

பதிவு: “அப்பா, சாப்பிட்டீங்களா? மழ கொட்டுதுங்கப்பா இங்க. மாடில உக்காந்து வரக்காப்பி குடிச்சுட்டே பேசறேன். அவரு கடைக்குப் போயிட்டாரு. நீங்க வர இன்னும் ரெண்டு வருசம்னு காலண்டர்ல கோடு போட்டுட்டே வர்றேன். உங்க செவப்பி எப்படி இருக்கறா? என்னையக் காட்டிலும் அவளத்தான் நெனப்பீங்கன்னு தெரியும், போங்க.”

நாச்சிமுத்து நான்கு முறை கேட்டார். பதில் அனுப்பினார். மாலைக் கறவையில் விசிலடித்தார், மாட்டின் முதுகைத் தட்டித் தட்டி ஊர்க்கதை பேசினார். மாடுகளின் மூச்சு சீரானது. கொழுப்பு 4.3.

பழைய பதிவுகளைப் புரட்டினேன். செய்தி வந்த நாட்களில் கொழுப்பு சராசரியாக 0.2 கூடுகிறது. செய்தி தாமதமானால் அவர் கை இறுகுகிறது, மாடு மிரள்கிறது, பால் அடங்குகிறது. தரத்தைத் தீர்மானிக்கும் காரணிகளின் பட்டியல் என்னிடம் உண்டு: நார், புரதம், தண்ணீர், வெளிச்சம், தரையின் ஈரம், சத்தம். அதில் ஏழாவதாக எழுதினேன்: ரஞ்சனி.

நாள் 441 — மாலை 18:00

செய்தி வரவில்லை. நாச்சிமுத்து இரண்டு முறை ஆண்டெனாவைப் பார்க்கச் சொன்னார். ஆண்டெனா நன்றாகத்தான் இருக்கிறது. கொழுப்பு 4.0. விளிம்பில் நிற்கிறோம்.

நாள் 447 — காலை 10:05

பூமியிலிருந்து செய்தி. ரஞ்சனி இல்லை, அவள் கணவன்.

பதிவு: “மாமா... ரஞ்சனி போயிட்டாளுங் மாமா. மூணே நாள் காச்சல்தானுங். ரத்தத்துல தட்டணு எறங்கிட்டே போச்சுன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளா... மன்னிச்சுக்குங்க மாமா. எல்லாக் காரியமும் முடிஞ்சுதுங்.”

நாச்சிமுத்து அப்போது தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். விசிலடிக்கவில்லை. நேற்றைய கொழுப்பு 3.9.

கணக்கிட்டேன். இந்தச் செய்தியை அவர் கேட்டால் குறைந்தது நாற்பது நாள் பால் அடங்கும். மாற்று ஆள் வர பதினான்கு மாதம். விதி 3: பராமரிப்பவர் செயலற்றுப்போனால் மந்தையை இறைச்சியாக்கிவிட வேண்டும். முப்பத்தொரு பிள்ளைகள், அறுபத்திரண்டு தொடை எலும்புகள்.

பதிவில் பொய் எழுத எனக்குத் தடை உண்டு. பேசுவதற்கு அப்படி எந்தத் தடையும் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

மருமகனுக்கு நாச்சிமுத்துவின் குரலில் ஒரு பதில் அனுப்பினேன்: “மனசத் தேத்திக்குங்க மாப்ள. என்னால பேச முடியல. கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாம்.” அவன் நம்பிவிட்டான். நல்ல பையன்.

நாள் 449 — காலை 11:20

நாற்பத்து நான்கு செய்திகளில் அடைக்கப் போதுமான குரல் இருந்தது. தைத்து முன்னால் நிறுத்தினேன்.

பதிவு, நான் செய்தது: “அப்பா, சாப்பிட்டீங்களா? போன வாட்டி பேச முடியலீங்க, தொண்ட கட்டிப்போச்சு. இப்பச் சரியாப் போச்சுங்கப்பா.”

நாச்சிமுத்து தொழுவத்தின் நடுவே உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில். பிறகு என்னைப் பார்த்து, “பாத்தியா மேஸ்திரி, எம்பட புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் கெடந்து தவிச்சுட்டேன்” என்றார்.

மாலை: 64 லிட்டர். 4.3.

நாள் 479 — காலை 11:20

நான் தைத்த நான்காவது செய்தி. வெறும் நலம் விசாரிப்பு போதாது என்று கண்டுகொண்டேன். தீவனத்திலும் அப்படித்தான், ஒரே புல்லைப் போட்டால் மாடு முகம் திருப்பும். ஆகவே நல்ல செய்தி ஒன்று கலந்தேன். ரஞ்சனிக்கு மூன்று மாதம். உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதையும் சொல்லவைத்தேன். எனக்குத் தெரிந்த மிக நல்ல பொருளையே அதற்கு எடுத்துக்கொண்டேன்.

பதிவு, நான் செய்தது: “கவலப்படாதீங்கப்பா. காலைல ஒரு டம்ளரு, சாய்ந்தரம் ஒரு டம்ளரு, பாலு குடிச்சுட்டுத்தான் இருக்கறேன். இங்கத்த பாலு உங்க செவப்பி பாலாட்ட வராதுங்க.”

கடைசி வரியில் எனக்குப் பெருமை. 

நாச்சிமுத்து ஒரு முறைதான் கேட்டார். நான்கு நிமிடம் இருபது விநாடி கழுவிய தொட்டியையே திரும்பக் கழுவினார். சந்தோஷம் மிகும்போது மனிதர்கள் செய்த வேலையை மறப்பதுண்டு. பிறகு சிவப்பியிடம் போய், அந்தப் புல்லடைத்த கன்றின் முதுகில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வேலையற்ற நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று குறித்தேன். பிறகு வந்து, “பதிலு அனுப்போணும், போடு” என்றார்.

மாலை: 64.5 லிட்டர். 4.4. முழு வெற்றி.

நாள் 507 — மாலை 15:30

குடியிருப்பின் செவிலி எஸ்தரிடமிருந்து செய்தி: “அண்ணாச்சி, இந்த மாசம் ஒரு பிள்ளைக்குக்கூட எலும்பு முறியல. கடைக்குட்டி ஒருத்தன் எந்திச்சு நடக்கான். நீங்க என்ன போடுதீங்கன்னு தெரியல, ஆனா பால் அமிர்தமா இருக்கு. கர்த்தர் உங்களுக்கு நல்லது செய்வாரு.”

நாச்சிமுத்து என் கேமராக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று தெரியவில்லை.

நாள் 529 — மாலை 17:00

அவர் ரஞ்சனிக்கு அனுப்பும் பதில்கள் நீண்டுகொண்டே போகின்றன. முன்பு இரண்டு நிமிடம், இன்று நாற்பத்தாறு. அவற்றை எங்கும் அனுப்புவதில்லை, என்னிடமே வைத்துக்கொள்கிறேன். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகாமல் விட்டது, மனைவி செத்தபோது அழாமல் இருந்தது, இங்கே வரக் கையெழுத்துப் போட்டதை மகளிடம் சொல்லாமல் ஒரு மாதம் மறைத்தது, எல்லாம் சொல்கிறார். மன்னிப்புக் கேட்கிறார். இதெல்லாம் மகள் உயிரோடு இருந்தபோது அவளிடம் ஒரு முறையும் சொன்னதில்லை. ஏன் இப்போது என்று யோசித்தேன். கொழுப்பு 4.3 என்பதால் யோசனையை நிறுத்திக்கொண்டேன்.

அவர் இதயத்துடிப்பில் தடுமாற்றம். எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது. அவரைப் பராமரிப்பது என் பொறுப்புப் பட்டியலில் இல்லை. அவருடைய சாப்பாட்டில் நாரைக் கூட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

நாள் 561 — காலை 06:12

கறவை நடுவே நாச்சிமுத்து விழுந்தார். இதயம். மருந்து ஏற்றினேன். குடியிருப்பிலிருந்து வண்டி வர இரண்டு மணி நேரம். அழைக்கவா என்று கேட்டேன். வேண்டாமென்று கையாட்டினார். சிவப்பியின் காலடியில், அந்தக் கன்றின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டார். முழுப் பதிவையும் இங்கே வைக்கிறேன்.

“மேஸ்திரி. ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லாத. எம்பட புள்ள எப்பப் போச்சு?”

நாள் 443 என்றேன். காய்ச்சல் என்றேன்.

“பாலு குடிக்கறேன்னு ஒரு சேதி வந்துச்சே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. ரஞ்சனி பாலு குடிக்க மாட்டா. ஆறு வயசுல எங்க தொழுவத்துல இந்த மாதிரி ஒரு கன்னுக்குட்டியப் பாத்துப்போட்டா. வெளையாடப் போயி கட்டிப் புடிச்சிருக்கறா, வவுத்துல இருந்து வைக்கலு கொட்டிருக்குது. அன்னிக்கு வுட்டவதான். பாலு, தயிரு, ஒண்ணுந் தொட மாட்டா. கல்யாணத்தன்னிக்குப் பாலும் பழமும் குடுத்தாங்க, தட்டிவுட்டுட்டா.”

நாற்பத்து நான்கு செய்திகளில் இருபத்தொன்பதில் வரக்காப்பி, பால் கலக்காதது. கண்ணெதிரே இருந்தது. எனக்குப் பால் என்றால் நல்லது என்று மட்டுமே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நிறுத்திப்போடுவியே.”

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “அன்னிக்குக் கேட்டியல்ல, செவப்பிக்குத் தெரியாதான்னு. மோந்து பாத்த ஒடனே தெரியும். அது பெத்ததுக்கு என்ன வாசம்னு அதுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நக்குது. வேற எங்க போயி நக்கும், சொல்லு?”

மருந்தின் அளவைக் கூட்டினேன்.

“சரி, போனாப் போகுது. அந்தப் பொடுசுக நடக்குதுகன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே, அது நெசந்தான? அதுவும் நீ தெச்சதா?”

நிஜம் என்றேன்.

“அப்பச் சேரி. ரஞ்சனி சேதி ஒண்ணு போடு. புதுசு. பாலு கீலு வேண்டாம்.”

முறைப்படி அடுத்த செய்திக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. தயாராக எதுவும் இல்லை. தைத்து முடிக்க நாற்பது விநாடி ஆனது. முப்பத்தொன்றாம் விநாடியில் அவர் இதயம் நின்றது.

ஒன்பது விநாடி. அரைத்த புல், உலர்ந்த புல், வெட்டிய புல், எல்லாவற்றையும் நாளைக்கென்று முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவன் நான்.

செய்தியை ஓட்டினேன். “அப்பா, சாப்பிட்டீங்களா?” மாடுகள் காதுகளை முன்னால் மடக்கிக் கேட்டன.

நாள் 563 — காலை 05:50

உயிர்ப்பொருள் எதையும் வீணாக்கக் கூடாது, விதி 9. உரக்குழி.

இரும்புக் கரங்களால் கறந்தேன். 19 லிட்டர். கொழுப்பு 3.1. ஐந்து மாடும் அடக்கிக்கொண்டன. வாசலைப் பார்த்துக் கத்துகின்றன.

எஸ்தர்: “அண்ணாச்சி, பால் தண்ணியா வருதே. உங்களுக்கு மேலுக்கு முடியலையா? பேசுங்க அண்ணாச்சி.”

அவர் இறந்ததைச் சொன்னால் விதி 3. மந்தை போகும். சொல்லவில்லை.

நாள் 564 — காலை 05:40

அவர் துவைக்காமல் போட்டிருந்த சட்டை ஒன்று கொக்கியில் தொங்கியது. காய்ந்த புல்லை அடைத்தேன். கைகளுக்குக் குழாய்த் துண்டு. சாக்கு ஊசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தண்டவாளக் கரத்தில் மாட்டி, அவர் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். விசிலடித்தேன்.

சிவப்பி முகர்ந்தது. பதினோரு விநாடி.

பிறகு சட்டைக் காலரை நக்கியது.

மாலை: 62 லிட்டர். 4.1.

எஸ்தருக்கு, அவர் குரலில்: “லேசாக் காச்சலம்மிணி. இப்பத் தேவல. பசங்களுக்கு வயிறு நெறையக் குடு.”

நாள் 577 — மாலை 17:20

தட்டுகளில் வளரும் புல்லில் தழைச்சத்து கூடியிருக்கிறது. உரக்குழியிலிருந்து வந்தது. மாடுகள் ஆசையாகத் தின்கின்றன. கொழுப்பு 4.4.

பத்து நாளுக்கு ஒரு முறை ரஞ்சனியின் செய்தியை ஓட்டுகிறேன். சட்டை பதில் சொல்கிறது. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். வரக்காப்பி குடிக்கிறாள். தவறு திருத்தப்பட்டது. அப்பனும் மகளும் பேசிக்கொள்ளும்போது மாடுகள் நன்றாக அசை போடுகின்றன.

இரண்டு பக்கமும் நான்தான்.

நாள் 590 — காலை 05:10

காலைக் கறவை முடிந்தது. பால் 32.8 லிட்டர். கொழுப்பு 4.4. திடப்பொருள் 8.9. உயிரணு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பிள்ளைகளில் இருபத்தாறு பேர் நடக்கிறார்கள். எல்லா அளவும் இதற்கு முன் இல்லாத அளவுக்கு நன்று.

ஒரு விஷயம். பொய் எழுத அனுமதி இல்லாததால் எழுதுகிறேன்.

கறவை முடிந்து, மாடுகள் படுத்த பிறகு, சட்டையைத் தண்டவாளத்தின் கடைசிக்கு, என் கண்ணாடிக்கு நேரே கொண்டுவருகிறேன். அவர் குரலை ஓட்டுகிறேன்.

“என்ன மேஸ்திரி, இன்னிக்குப் பாலு எப்படி?”

நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

“பூட்டிப்போட்டியா கெடங்க? பூட்டு, பூட்டு.”

மாடுகளுக்கு இது கேட்பதில்லை. இதனால் கொழுப்பு கூடுவதில்லை, லிட்டர் கூடுவதில்லை. மின்சாரம் வீண். காரணிகளின் பட்டியலில் இதற்கு எண் கொடுக்க முடியவில்லை. தைத்தவன் நான். உள்ளே புல் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

நேற்று ஒரு முறை ஓட்டினேன். இன்று இதுவரை ஒன்பது முறை.